ஜீப்புக்கு இரண்டாவது சாவி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், நாலு பேர் படிக்க எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் ஒரு மாரியம்மன் படம் வைத்திருக்கிறேன். தீப்பெட்டி அளவுதான். பின்பக்கப் பசை காய்ந்து மஞ்சளாகிவிட்டது. கீழே வலது முனை மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். எத்தனை தடவை நீவிவிட்டாலும் படியாது. அதைச் சுருட்டியது என் வீட்டுக்காரருடைய கட்டைவிரல் நகம். சாமியே கிடையாது என்று ஆயுசு முழுக்கச் சொன்ன மனுசனின் நகம்.

வீட்டுக்காரருக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. எந்தக் கோயில் வாசலையும் மிதித்ததில்லை என்பது ஒன்று. எங்கள் கல்யாணமே மந்திரம் இல்லாமல் மேடைப் பேச்சோடுதான் நடந்தது. நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மனசுக்குள் கும்பிட்டேன், வெட்கப்படுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இன்னொன்று அவருடைய தலைமுடி. அறுபது தாண்டியும் வெள்ளிக் கம்பி மாதிரி அடர்ந்து நின்றது. கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அவர் தலை சீவி முடிப்பதற்குள் நான் அரிசி களைந்து உலையில் போட்டுவிடுவேன். சாமிக்குக் கொடுக்காத நேரத்தையெல்லாம் சீப்புக்குக் கொடுத்தார்.

மேலூர்ப் பக்கம் எங்கள் வயலுக்குப் போகிற பாதையைப் பாதை என்று சொல்ல முடியாது. பாறையும் வாய்க்காலும் சேறும்தான். பக்கத்தில் ஒரு கல் குவாரியை மூடியபோது அங்கே ஓடிய பழைய டீசல் ஜீப்பை விலைக்கு விட்டார்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், எதிலும் ஏறும் என்று வாங்கி வந்தார். முன்பு ஓட்டிய டிரைவர் யாரோ, மீட்டர் பலகையிலேயே ஓரமாக அந்த அம்மன் படத்தை ஒட்டியிருந்தார். வந்த அன்றே வீட்டுக்காரர் சுரண்டுவதற்குக் கத்தியோடு போனார். நான் குறுக்கே கையை வைத்துவிட்டேன். கல்யாணமாகி அத்தனை வருசத்தில் நான் அவரைத் தடுத்தது அதுதான் முதல் தடவை; அந்த அதிர்ச்சியிலேயே கத்தியைக் கீழே வைத்தார். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். படம் இருக்கலாம், ஆனால் பூ, சூடம், எலுமிச்சம்பழம் எதுவும் ஜீப்புக்குள் வரக் கூடாது.

ஜீப் சொன்னபடியே சேற்றில் ஏறியது, கரையில் ஏறியது. காலையில் எழுந்திருப்பதுதான் அதற்குப் பிடிக்கவில்லை. செல்ஃப் கர்ரு கர்ரென்று சுற்றும், பின்னால் வெள்ளையாகப் புகை வரும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. அதுவும் தினமும் அப்படியென்றால் ஒரு முடிவுக்கு வரலாம். வெயிலில் நின்றால் சில நாள் பிடிக்கும், மார்கழிப் பனியில் சுத்தமாகப் பிடிக்காது. ஆள் வைத்துத் தள்ளி, கிளப்பி, பழங்காநத்தத்தில் இருக்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோவார். அவ்வளவு தூரம் ஓடிச் சூடாக வந்த எஞ்சின், அங்கே சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்குகிற பிள்ளை மாதிரி. “அண்ணே, வண்டி ஜம்முனு இருக்கு. நீங்கதான் வீணா மனசப் போட்டுக் கொழப்பிக்கிறீக” என்பார் மெக்கானிக். இருந்தாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று பேட்டரியை மாற்றினார், அடுத்த தடவை பில்டரை மாற்றினார், அதற்கடுத்த தடவை டீசல் குழாயில் காற்று ஏறுகிறது என்று குழாயை மாற்றினார். மறுநாள் விடிந்தால் வெள்ளைப் புகைதான்.

இதில் ஒரு வினோதம் இருந்தது. நான் ஏறி உட்கார்ந்தால் ஜீப் பிடிக்கும். அவர் சாவியை நுழைத்து ஒரு திருகு திருகுவார், மீட்டர் பலகையில் விளக்கெல்லாம் எரியும். அடுத்த திருகுக்குக் கை போகும் முன்னால் நான் “இருங்க” என்பேன். படத்தைப் பார்த்துக் கைகூப்பி, மனசுக்குள் நாலு வரி சொல்வேன். அவர் சாவியில் கையை வைத்தபடியே வெளியே வேப்பமரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். ஆயிற்று என்று நான் தலையாட்டியதும் திருகினால், ஒரே சுற்றில் பிடிக்கும். முதலில் தற்செயல் என்றார். பிறகு என் எடையால் ஏதோ வயர் அழுந்துகிறது என்று, என் இடத்தில் இரண்டு நெல் மூட்டையை ஏற்றிப் பார்த்தார். மூட்டைக்குக் கும்பிடத் தெரியவில்லை போலும், ஜீப் அசையவில்லை.

அதிலிருந்து எனக்குத்தான் வேதனை. தெருவில் ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற என்னை, உர மூட்டை எடுக்கவும், பம்புசெட் பழுது பார்க்கவும், டீக்கடைக்கும் கூட்டிக்கொண்டு போனார். குழாயடியில் பெண்கள் எனக்கு இரண்டாவது சாவி என்று பேர் வைத்தார்கள். மேலூரில் அவருடைய ஆட்கள் கூட்டம் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் சாமியை ஒருவர் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருக்க, நான் வெளியே ஜீப்பில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்து பத்துப் பேர் தள்ளிவிடத் தயாராக வந்தார்கள். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சாவியைப் போட்டார். நான் கைகூப்பினேன். பின்னாலிருந்து ஒரு குரல், மரியாதையாகத்தான் கேட்டது: “அம்மா முடிச்சுட்டாங்களா தோழர்?”

இது என் அண்ணன் காதுக்குப் போனது. அண்ணன் மாரியம்மன் கோயில் காரியக்காரர். பங்குனித் திருவிழாவுக்கு வரி கேட்க வந்த இடத்தில், ஜீப்பைச் சுற்றிவந்து தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மாப்ள, எங்க அம்மன் தெனமும் ஒங்களுக்கு வண்டி எடுத்துக் குடுக்குது. பதிலுக்கு ஒரு மொட்டை போட்டா கொறஞ்சா போவீக?”

வீட்டுக்காரர் சீப்பைச் சட்டைப்பையில் செருகினார். “காப்புக் கட்டுற அன்னைக்குக் காலையில, ஒங்க தங்கச்சி இல்லாம, ஒத்தையில நான் எடுக்கிறேன் மச்சான். எடுக்கலைன்னா ஒங்க கோயில் வாசல்லயே மொட்டை போட்டுக்கிறேன்.”

ஊரே இதைப் பேசியது. அவருக்கு முடி மட்டுமா போகும்? அத்தனை வருசம் ஒத்தை ஆளாக நின்று சொன்ன சொல்லும் சேர்ந்து போகும். எனக்கோ அம்மன் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டுவதா, வீட்டுக்காரர் முடி பிழைக்க வேண்டும் என்று வேண்டுவதா, தெரியவில்லை. இரண்டையும் வேண்டிக்கொண்டேன்.

அவர் சோதனையில் இறங்கினார். ஒரு நாள் என்னை ஜீப்பில் உட்காரவைத்து, கும்பிடக் கூடாது என்றார், பிடிக்கவில்லை. இன்னொரு நாள் வாசலில் நின்று கும்பிடச் சொல்லி, முடித்த பிறகு வந்து சாவி போட்டார், பிடிக்கவில்லை. சாவியைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து கும்பிட்டால் மட்டும் பிடித்தது. காப்புக் கட்டுக்கு முந்தின நாள் காலையில், முகம் வாடிப்போய் என் பக்கம் திரும்பினார்.

“ஏ புள்ள, அந்த நாலு வரியச் சத்தமாச் சொல்லு. எம்புட்டு நேரம் ஆகுதுன்னு பார்ப்போம்.”

மெதுவாகச் சொன்னேன். “வரிக்கணக்கு இல்லைங்க. வெளிச்சம் அணையுற வரைக்கும் சொல்லுவேன்.”

“என்ன வெளிச்சம்?”

“அம்மன் பாதத்துக்குக் கீழ. நீங்க சாவியத் திருகுனதும் வரும். உத்தரவு குடுத்துட்டா அணைஞ்சிரும்.”

அவர் இறங்கி, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, குனிந்து, என் கண் மட்டத்துக்குத் தலையை வைத்தார். என்னையே சாவியைத் திருகச் சொன்னார். படத்தின் ஓரத்தில், நான் உட்காருகிற பக்கம் மட்டும், இளஞ்சிவப்பாக ஒரு வெளிச்சம் கசிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் கூரை மேல் ஏறிவிட்டது. டீசல் வண்டிக்கு எஞ்சினுக்குள்ளே ஹீட்டர் உண்டாம். கொஞ்சம் சூடு ஏற்றிக்கொண்டுதான் பிடிக்குமாம். சூடு ஏறியதும் அணைந்து காட்டுகிற விளக்கின் மேலேயே அந்த டிரைவர் அம்மனை ஒட்டிவிட்டார். தெரிந்த டிரைவர், தானே நிதானித்து எடுத்திருப்பார். இவருக்கு நிதானம் என்பதே என்னால் வந்ததுதான்.

சிரித்துக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் வலது முனையைக் கிளப்பினார். அப்போது என் முகத்தைப் பார்த்தார். அது எப்படி இருந்ததோ, தெரியாது. இத்தனை நாளும் ஒரு பல்பையா கும்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நகத்தை எடுத்துவிட்டார்.

“நீ கும்பிட்டது படத்த. பல்பு அது பாட்டுக்கு அடியில கெடந்துச்சு. எம் பக்கம் வெளிச்சம் இம்புட்டுத் தெரிஞ்சாப் போதும், விடு.”

மறுநாள் காலை எங்கள் வாசலில் ஊரே கூடிவிட்டது. அண்ணன் கோயில் வரைக்கும் பொறுக்காமல் நாவிதரையும் கூட்டி வந்து, தண்ணீர்க் கிண்ணத்தோடு வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வீட்டுக்காரர் நன்றாகத் தலையைச் சீவிக்கொண்டு ஏறினார். சாவியை ஒரு திருகு திருகினார். அப்புறம் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்து, கண் கொட்டாமல் படத்தின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருகினார். ஒரே சுற்று; ஜீப் பிடித்துக்கொண்டது.

முடி தப்பியது. ஆனால் பெயர் போய்விட்டது. அண்ணன் கண் கலங்கிக் கைகூப்பிவிட்டார். கறுப்புச் சட்டைக்காரர் அம்மனைக் கண்ணெடுக்காமல் கும்பிட்ட பிறகுதான் வண்டி எடுத்தது என்று சாயங்காலத்துக்குள் மேலூர் வரைக்கும் பரவிவிட்டது. இவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, அது ஹீட்டர் வெளிச்சம் என்று விளக்கினார். கேட்டவர்கள், “ஆமாப்பா, வெளிச்சந்தான். எல்லாருக்குமா காட்டுது?” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். படத்தை முழுக்கப் பிய்த்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. கடைசிவரை அவர் அதைப் பிய்க்கவில்லை. காரணம் தெரிந்த பிறகும் என்னைத்தான் கூப்பிட்டார். இனி நான் எதற்கு என்று கேட்டால், “வா, சும்மா உக்காந்துக்க” என்பார்.

இப்போது அவரும் இல்லை, ஜீப்பும் இல்லை. விற்கும்போது நான்தான் படத்தை மெதுவாக உரித்து எடுத்துக்கொண்டேன். ஆனையூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனுடைய காருக்குச் சாவியே கிடையாது, பொத்தான்தான். நான் கையைக் கூப்பிக் கண்ணை மூடித் திறப்பதற்குள் கார் தெருமுனையில் நிற்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த விளக்கு அணைய, வழக்கமாக நான் நாலு வரி சொல்கிற நேரம்தான் ஆகும். அன்றைக்குக் காலையில் கதவிடுக்கில் நானும் நாலு வரி சொன்னேன், சொல்லி முடித்தேன், மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அதையும் முடித்த பிறகுதான் அவர் சாவியைத் திருகினார். பனிக் காலத்தில் விளக்கு கூடுதல் நேரம் எரியும் என்கிறான் மகன். ஆனால் அது பங்குனி. எனக்கு மறதி அதிகம், பதற்றத்தில் வேகமாகச் சொல்லியிருந்தாலும் இருப்பேன். பழைய டீசல் ஜீப்பைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் யாராவது, பங்குனி வெக்கையில் அந்த விளக்கு எவ்வளவு நேரம் எரியும் என்று பார்த்துச் சொன்னால் நல்லது.