நாளைக்குப் பறிக்க வேண்டிய காய்

அன்று உடும்பஞ்சோலைப் பக்கத்து அந்த அரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்காவான என் மதினி, பத்து மணி வாக்கில் வந்துபோன கணக்கப்பிள்ளை. நாலே பேர். தப்பு செய்தது நான் ஒருத்திதான்.

நிலம் எங்களுடையதல்ல. எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு அந்த வருஷம்தான் முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். கிறிஸ்துமஸுக்குள் குத்தகைப் பணம் கட்டாவிட்டால் நிலம் கைமாறிவிடும். நிலக்காரரின் கணக்கப்பிள்ளை வேலியோரம் நின்று அதைத்தான் சொன்னார்.

"வேற ஒரு ஆளு கேட்டுக்கிட்டே இருக்காரு. அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்ல வேண்டாம்."

"சொல்லியாச்சுல்லா, வெத்தல போட்டுட்டுப் போங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

அக்காவும் தம்பியும் அப்படித்தான், நாளைக்கென்று கவலைப்படாதவர்கள். நான் வேறு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்ததெல்லாம் மறந்தும் கூட்டல் மட்டும் மறக்கவில்லை. வராத செலவுக்கெல்லாம் கூட்டிவைப்பேன். ஜெபத்தில் அன்றைய ஆகாரத்தை அன்றைக்குத் தரச்சொல்லும் இடம் வரும்போது, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் "நாளைக்கும்" என்று சேர்த்துக்கொள்வேன்.

ஏலக்காய் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. செடியின் அடியில் தரையோடு படரும் சரத்தில், அடிக்காய் முற்றும்போது நுனி பூத்துக்கொண்டிருக்கும். நசுக்கினால் விதை கறுத்திருக்கிற காயை மட்டும் பறித்து, மற்றதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். அடுத்த சுற்று நாற்பது நாள் கழித்துத்தான். அதற்குள் மழையில் அழுகிவிட்டால்? எலி தின்றுவிட்டால்? கணக்கப்பிள்ளை போன பிறகு என் கை நிற்கவில்லை. முற்றியது, முற்றாதது, பிஞ்சு எல்லாவற்றையும் உருவிக் கூடையில் போட்டேன். மேலே மட்டும் நல்ல காயாகப் பரப்பிவைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மதினி கூடையைக் கிளறிப் பார்த்தார்.

"ஏட்டி, தொட்டில்ல கெடக்க பிள்ளையையும்லா தூக்கிட்டு வந்திருக்க."

"மழை வந்தா எல்லாம் போயிருமே மதினி."

"வந்துச்சா?"

"வரல."

"வராத மழையில நனைஞ்சுட்டு நிக்க பாரு."

உலர்த்தும் ஸ்டோரிலிருந்து மறுநாள் மாலை மூட்டை வந்தது. பிஞ்செல்லாம் சுருங்கிச் சருகாகியிருந்தது. வியாபாரி முறத்தில் புடைக்கப் புடைக்கப் பறந்தது. என் வீட்டுக்காரர் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். "நம்ம வீட்டு டீத்தண்ணிக்கு ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல," என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த சுற்றுக்கு இறங்கினபோது நான் உருவின சரங்களில் இடையிடையே வெறும் காம்புகள் இருந்தன. நுனியில் பிறகு காய்த்தவற்றில் சிலவற்றுக்கு விதை கறுத்திருந்தது, பலவற்றுக்குக் கறுக்கவில்லை. சரத்துக்கு ஒரு காயை நசுக்கிப் பார்த்தேன். வெளுத்த விதை தெரிந்ததும் அந்தச் சரத்தை விட்டு நகர்வது பெரிய பாடாக இருந்தது. அன்று மழைமேகம் வேறு.

"கை அடங்கிருச்சா?" என்று அடுத்த வரிசையிலிருந்து மதினி கேட்டார்.

"கை அடங்கிருச்சு. மனசு அடங்கல."

"இன்னைக்கி கை போதும். மனசு அது பாட்டுக்கு வரட்டும்."

கர்த்தாவே, இன்றைக்குக் கை போதும் என்று நானும் சொல்லிக்கொண்டேன். அதுவரை என் ஜெபம் அவ்வளவு சின்னதாக இருந்ததில்லை. சாயங்காலம் கூடை பாதிதான் நிறைந்திருந்தது. இருந்தது அத்தனையும் முற்றின காய்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், குத்தகைப் பணம் முழுசாகச் சேராமலே, நானும் என் வீட்டுக்காரருமாக நிலக்காரர் வீட்டுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் மழையைக் காரணம் சொல்வார் என்று தோன்றியது. நான் முந்திக்கொண்டேன். "பிஞ்சப் பறிச்சுக் கெடுத்தது நான்தான். பயந்துட்டேன் சார்."

நிலக்காரர் மலையாளி. "இப்போ பேடி உண்டோ?" என்றார்.

"பயம் இருக்கு சார். ஆனா பிஞ்சப் பறிக்கல."

அவர் சிரித்தார். "சாரமில்ல, பரவாயில்ல. உள்ளது தா. பாக்கி கடைசிச் சுற்று கழிஞ்ஞு தந்தா மதி, போதும்."

கொண்டுபோனதை எண்ணி வாங்கி, நிலம் அடுத்த வருஷமும் எங்களுக்கே என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். அன்றைக்கு இன்னும் தர வேண்டியிருந்தது நூற்று நாற்பது ரூபாய்.