மொன்னைக் கத்தி

கத்தி தீட்டத் தம்பி வாங்கிய பீங்கான் அரமும் தோல்வாரும் இன்று கூரியரில் வந்தன. வாரைச் சுவர் ஆணியில் மாட்டி, தீட்டிய கத்தியை அதில் அவன் இழுக்க இழுக்க எழுந்த தோல் வாடையில் எங்கள் தொப்பூர் வீடு நினைவுக்கு வந்தது. ரோட்டை அகலப்படுத்த அதை இடித்துவிட்டார்கள், ஒழிந்தது சனியன்.

கடையைச் சாத்திவிட்டு வரும் அப்பா, "கறிக்கடக்காரன் வூட்டுல மொன்னக் கத்தியா?" என்று உறுமிக்கொண்டே பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் சொரசொரத்த அடிவிளிம்பில் சமையல் கத்தியைத் தேய்ப்பார்; பிறகு ஆணியில் தொங்கும் தன் பெல்ட்டில் சரக் சரக்கென்று, அன்றைய கோபமெல்லாம் தணியும்வரை இழுத்துக்கொண்டிருப்பார். கத்தி சீக்கிரம் கூராகிவிட்டால் பெல்ட் ஆணியைவிட்டு இறங்கி அம்மாவின் முதுகுக்கு வரும். அதனால் அவர் வரும் நேரம் பார்த்து, அம்மா கத்தியை அம்மிக்கல்லில் குறுக்காக உரசி மழுக்கிவைப்பாள்.

"பாரும்மா, எப்புடி வெட்டுதுன்னு" என்று தம்பி கத்தியை நீட்டினான். அம்மா ஆணியில் தொங்கிய வாரைப் பார்த்தாள். பிறகு, போன மாதம்தான் தம்பியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த மருமகளைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது சாமி" என்றாள். அவன் அந்தப் பக்கம் போனதும், சமையல் மேடையின் கல் விளிம்பில் கத்தியை அழுத்தி உரசினாள்.