தாணுலிங்கம் பிள்ளையின் குடை

எதிரே ஒரு சுளித்த முகம் வந்தால் போதும், தாணுலிங்கம் பிள்ளை குடையை விரித்துவிடுவார். வெயிலும் மழையும் இல்லாத சாயங்காலத்தில், சாலைக் கடைத்தெருவில் ஒரு கறுப்புக் குடை மூக்கு வரை தாழ்ந்து சுவரோரமாக நகர்ந்தால், உள்ளே அவர்தான்.

ஜவுளிக்கடையில் முப்பது வருஷமாகத் துணி அளந்து கிழிக்கிறார். படியேறுகிற பத்துப் பேரில் சிரிக்கிற ஒன்பது பேர் அவர் கண்ணில் படமாட்டார்கள். பத்தாவது ஆள் புருவத்தை நெரித்தால், பிள்ளை மல்துணிக் கட்டுக்குப் பின்னால் போய் ஏற்கெனவே மடித்த வேட்டியை மறுபடி மடிப்பார்.

"ஓய், அந்தம்மைக்குக் கண்ணுல தூசி. அவ ஒம்ம அடிக்க வந்த மாதிரில்லா ஓடுதீரு," என்பார் உடன் வேலை பார்க்கும் ஆறுமுகநயினார்.

"தூசியா? நல்லாப் பாரும்வே. அது வேற." கடைசிச் சொல்லைத் தொண்டைக்குள் விழுங்கிவிடுவார் பிள்ளை. நயினார் அதை அதே மாதிரி விழுங்கிச் சொல்லிக் காட்டினால் கடையே சிரிக்கும். பிள்ளை, சிரிக்காத முதலாளியை மட்டும் பார்ப்பார்.

மூன்று வாரமாக அவர் மனைவி நீலாம்பாள் வயிற்றுக் கட்டியோடு தர்மாஸ்பத்திரியில் கிடந்தாள். வார்டுக்குப் பதினோரு படி. தினமும் கஞ்சியோடு போகிறவர் ஒருநாளும் ஏழாவது படியைத் தாண்டியதில்லை. வாசலில் நிற்கும் நர்சின் முகம் கடுகடுவென்று இருக்கும். உள்ளே என்ன செய்தி என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு, தூக்குப்பாத்திரத்தை வார்டு கூட்டுகிற பொன்னம்மையிடம் நீட்டிவிட்டு இறங்கிவிடுவார்.

"அண்ணாச்சி, நர்சம்மைக்குக் கடவாப்பல்லு வலியாக்கும். அக்கா தெனமும் தலைசீவி, பொட்டு வச்சு, படிக்கு நேரே இருக்க அந்தச் சன்னல்ல சிரிச்சிட்டு இருக்கா. 'அவிய என் மொகத்தப் பாத்தா ஏறி வந்திருவாவ'ங்கா. ஒரு தடவ நிமிந்து பாத்தா என்ன?" என்றாள் பொன்னம்மை ஒருநாள்.

"எதுக்குச் சிரிக்கா? எங்கிட்ட என்னத்தையோ மறைக்கா," என்றார் பிள்ளை.

போன வியாழக்கிழமை அவர் முதல்முறையாகச் சன்னலை நிமிர்ந்து பார்த்தார். அங்கே யாருமில்லை. கஞ்சியோடு உள்ளே போன பொன்னம்மை உடனே இறங்கி வந்தாள். பாத்திரம் போன கனத்திலேயே திரும்பியிருந்தது.

"அக்காவுக்குப் பேச்சு அடங்கியாச்சு அண்ணாச்சி. கண்ணு மட்டும் வாசலப் பாத்துட்டே கெடக்கு. இப்பம் வந்தா பாத்துரலாம். வாருங்கோ."

பிள்ளை ஏறினார். வாசலில் நர்சு நின்றாள். அன்று அவள் முகம் சுளிக்கவில்லை. மெல்ல ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள்.

ஏழாவது படியில் நின்று, பிள்ளை குடையை விரித்தார்.