தானாகத் திரும்பிய கார்

என் கணவர் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், பின்னறையில் ஸ்டீரிங்கும் பெடலும் பொருத்திய நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நிஜக் காரைப் போலவே நடந்துகொள்ளும் பந்தய விளையாட்டு அது. டயர் சூடேறாவிட்டால் வழுக்கும். வளைவில் பிரேக் மிதிக்கக் கொஞ்சம் தாமதித்தால் மணலில் போய்க் கிடக்க வேண்டியதுதான். எனக்கு அது பிடிபடவே இல்லை. நான் ஹாலில் கார்ட்டூன் கார் விளையாட்டு ஆடுவேன். அதில் சுவரில் முட்டினாலும் கார் துள்ளிக்கொண்டு மறுபடி ஓடும்.

"அது காரே இல்ல லா, பொம்மை" என்பார்.

"பொம்மையாவது சிரிக்க வைக்குது. நீங்க அங்க பரீட்சை எழுதுற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க."

நாற்பத்தாறு வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையும் காலும்தான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் வாரம் பின்னறைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதியது. மறுபடி தொடங்கினார். அதே வளைவு, அதே சுவர். ஏழெட்டு முறை ஆகியிருக்கும்.

"கால் அங்கதான் இருக்கு. மிதிக்கத்தான் மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அவரே திரையை அணைத்தார்.

மறுநாள் என் விளையாட்டை அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். "கார் தானா ஓடும்ங்க. நீங்க ரிமோட் குச்சிய இடது கட்டைவிரலால தள்ளித் திருப்புனா போதும்."

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்காக அதில் ஒரு வசதி இருக்கிறது. பாதையை விட்டு விலகப் போனால் கார் தானே திரும்பிக்கொள்ளும். அதையும் போட்டுவிட்டேன். போதாததற்கு நானும் மெதுவாக ஓட்டினேன்.

ஒரே வாரத்தில் என்னை முந்தினார். "பாத்தியா, கை பழகிடுச்சு. இன்னும் ரெண்டு மாசம், வேலைக்குப் போயிடுவேன்." எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "இங்க வா" என்று கூப்பிட்டார். கை சோர்ந்து ரிமோட் தரையில் விழுந்து கிடந்தது. திரையில் அவருடைய கார் ஒவ்வொரு வளைவாக அழகாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பந்தயம் முடிந்தது. ஆறாவது இடம்.

"தானா திரும்புதே, இத நீ போட்டு வெச்சியா?"

"ஆமாங்க. நீங்க மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு..."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

"வேற என்னென்ன எனக்குத் தெரியாம போட்டு வெச்சிருக்க?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன், அவர் எப்போது வேலைக்கு வருவார் என்று கேட்டுத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்ததைச் சொன்னேன். அவர் இனி வரமாட்டார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானே பதில் சொன்னதையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். அழுதார். வலது பக்கம் வழிந்த கண்ணீரைத் துடைக்க வலது கையைத் தூக்கப் பார்த்தார், எழவில்லை. நான் துணியோடு நெருங்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலையில் அவரே தொழிற்சாலைக்குப் போன் செய்தார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம். "சரி, பரவால்ல" என்று மரியாதையாகச் சொல்லி வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தத் தானா திரும்புறத எடுத்துடு. நீயும் மெதுவா ஓட்டாதே."

எடுத்தேன். நிஜமாகவே ஓட்டினேன். நான் முடித்தபோது அவருடைய கார் பாதித் தூரம்கூட வரவில்லை. ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு திணறியது. அவர் விடவில்லை, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். உதவப் போன கையை என் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.