கணவாயில் கடைசியாக நின்ற இருவர்

என்சியோ லாந்த்தோ முதன்முதலாகச் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். விளையாட்டில்தான்.

ஃபின்லாந்தின் எல்லையூரான தொர்னியோவில், உருக்காலைக் கிரேன் ஓட்டுகிறவர் அவர். மனைவி பிரிந்து ஓளு நகரத்துக்குப் போய் ஒரு குளிர்காலம் கழிந்திருந்தது. "சும்மா சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதடா" என்று அண்ணன் அஹ்திதான் அந்த ஆன்லைன் விளையாட்டை அவருடைய கணினியில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அன்று காலை ஷிப்ட் முடிந்து வந்து, காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளையாட்டில் தன் பக்கமான மலைநாட்டிலிருந்து இரும்புத்தாது ஏற்றிய வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். கணவாயில் திரும்பியதும் பாறை மேலிருந்து ஒருவன் குதித்தான். இரண்டு கையிலும் குத்துவாள். தலைக்கு மேலே பெயர் தெரிந்தது: ஸ்காத்தா. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று என்சியோ தேடி முடிப்பதற்குள் கதை முடிந்துவிட்டது.

அஹ்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினார். "எவனோ ஒரு பொடிப்பய என்னைக் கொன்னுட்டான்! நான் அவனை என்னடா பண்ணேன்?"

"அது அப்படித்தான். கோட்டைக்குள்ள இருக்கிற வரைக்கும் யாரும் தொட முடியாது. வெளிய வந்தா, கடல்நாட்டுக்காரன் எவன் வேணா உன்னை அடிக்கலாம், நீயும் அடிக்கலாம். நேரம் காலம் கிடையாது, நடுவர் கிடையாது."

"அப்ப அவனைத் திருப்பி அடிக்கலாமா?"

"முடிஞ்சா அடியேன்" என்று அண்ணன் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்சியோவுக்கு உறைத்துவிட்டது. தினமும் வேலை முடிந்ததும் கணவாய்க்குப் போனார். தினமும் அடி வாங்கினார். எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளியலாம், குத்துவாள்காரன் பாயும்போது எந்தப் பக்கம் விலகலாம் என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. இலையுதிர்காலத்தில் ஒருநாள் ஸ்காத்தா கீழே விழுந்தான். என்சியோ நாற்காலியிலிருந்து எழுந்து, யாருமில்லாத வீட்டில் கையைத் தட்டினார்.

அதற்கப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. எதிர்நாட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் பேச முடியாதபடி விளையாட்டைச் செய்திருந்தார்கள். எதைத் தட்டினாலும் அந்தப் பக்கம் கிறுக்கலாகத்தான் தெரியும். குனியலாம், கையசைக்கலாம், சிரிக்கலாம், அவ்வளவுதான். அதை வைத்தே இருவருக்குள்ளும் ஒரு முறைமை உண்டானது. முதலில் குனிவது, பிறகு வாளை உருவுவது. மீன் பிடித்துக்கொண்டிருப்பவனைத் தொடுவதில்லை. மூன்றாவது ஆள் குறுக்கே வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் துரத்திவிட்டு, மறுபடி தங்கள் சண்டையைத் தொடர்வது.

ஒரு மார்ச் மாதம் அஹ்தி, பனிவண்டியோடு ஆற்றுப் பனி உடைந்து உள்ளே போய்விட்டார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த என்சியோ, மேல்கோட்டைக் கழற்றாமலே கணினி முன்னால் உட்கார்ந்தார். வேறு எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை. கணவாயின் நடுவே போய் நின்றார். ஸ்காத்தா வந்தான், குனிந்தான். என்சியோ பதிலுக்குக் குனியவில்லை, வாளையும் உருவவில்லை. அடிக்கட்டும், விழுந்து கிடக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

ஸ்காத்தா அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவரைச் சுற்றி வந்தான். பிறகு விறகு போட்டு ஒரு தீ மூட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். என்சியோவும் தன் ஆளை உட்கார வைத்தார். இருவரும் அப்படியே இருந்தார்கள். அன்றைக்குத்தான் என்சியோ அழுதார், மூச்சு முட்ட அழுதார்.

வருடங்கள் போயின. விளையாட்டு மாறத் தொடங்கியது. முதலில் பறக்கும் குதிரைகளைக் கொடுத்தார்கள். கணவாயில் நடந்து போக யாருக்கும் அவசியமில்லாமல் போயிற்று. பிறகு ஒரு சுவிட்ச் வைத்தார்கள். அதை அணைத்துவிட்டால் வெளியிலும் யாரும் தொட முடியாது. சண்டை வேண்டுமென்றால் தனியாகக் கட்டிய அரங்கத்துக்குப் போய் வரிசையில் காத்திருக்கலாம். நல்ல பரிசெல்லாம் அங்கேதான்.

ஆலையில் கூட வேலை பார்த்தவர்களில் அதை விளையாடியவர்கள் விளையாட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தார்கள். என்சியோவால் அப்படித் திட்ட முடியவில்லை. அஹ்தியின் மகள் கெர்த்து, சுவிட்ச் வருவதற்கு முன்னால், அப்பா விளையாடிய விளையாட்டாயிற்றே என்று ஆசையாகச் சேர்ந்தவள். கோட்டை வாசலிலேயே ஆறேழு பேர் கும்பலாக நின்றுகொண்டு, அவள் உயிர்பெற்று எழ எழ வெட்டினார்கள். அடிக்க அடிக்கச் சிரித்தார்கள்.

"சித்தப்பா, இதுல உங்களுக்கு என்னதான் சந்தோஷம்? ரெண்டடி நடக்க விட மாட்டேங்கிறாங்க" என்று சொல்லி ஒரே வாரத்தில் விட்டுவிட்டாள்.

எல்லோருக்கும் ஒரு ஸ்காத்தா கிடைப்பதில்லை என்பது என்சியோவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் மட்டும் சுவிட்சை அணைக்கவில்லை. அந்தப் பக்கம் ஸ்காத்தாவும் அணைக்கவில்லை. மற்றவர்கள் தலைக்கு மேலே பறந்து போய்க்கொண்டிருக்க, கீழே இரண்டு பேர் மட்டும் குனிந்து வணங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அரங்கத்துக்கும் போய்ப் பார்த்தார் என்சியோ. எதிரே நின்றவன் யாரென்று தெரியாது, முடிந்ததும் அடுத்தவன். பல் ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பது போலிருந்தது. திரும்பி வந்துவிட்டார்.

கடைசியில் அதற்கும் முடிவு வந்தது. இரண்டு நாடுகளுக்கும் சமாதானம், திறந்தவெளிச் சண்டை இனி கிடையாது, கணவாயில் பொதுச்சந்தை என்று அறிவித்தார்கள். அது நடப்புக்கு வருவதற்கு முந்தைய நாள் இருவரும் சொல்லி வைத்தாற்போல் வந்து சேர்ந்தார்கள். மாற்றி மாற்றி விழுந்தார்கள், எழுந்தார்கள். யார் எத்தனை முறை ஜெயித்தார்கள் என்று இருவருமே எண்ணவில்லை.

மறுநாள் அதே இடத்தில் கூடாரங்களும் தோரணங்களும் நிறைந்திருந்தன. ஸ்காத்தா வந்தான். இப்போது பேசலாம். என்சியோ யோசித்து யோசித்து ஆங்கிலத்தில் தட்டினார்: "இத்தனை வருடச் சண்டைக்கு நன்றி."

பதில் ஃபின்னிஷில் வந்தது. "தலைக்கு மேல இருக்கிற பேரைப் பாத்தாலே தெரியுது நீ ஃபின்லாந்துக்காரன்னு. வீட்ல பேசுறதப் பேசேன்பா, எதுக்குக் கஷ்டப்படுற?"

அது சாதாரண ஃபின்னிஷ் இல்லை. அவர் பிறந்து வளர்ந்த ஆற்றங்கரைப் பேச்சு.

"நீ எந்த ஊரு?"

"ஹாப்பராந்தா. ஏன்?"

என்சியோ எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்வீடன் கரையில், ஹாப்பராந்தாவின் கூரைகள் மாலை வெயிலில் தெரிந்தன. வாய்விட்டுச் சிரித்தார். திரும்பி வந்து, "நான் தொர்னியோ" என்று தட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வார்த்தை வந்தது: "அடப்பாவி."

சனிக்கிழமை, இரண்டு ஊருக்கும் பொதுவான பஸ் நிலையத்துக் காப்பிக்கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. என்சியோ ஓர் இளைஞனைத் தேடிக்கொண்டிருந்தார். சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட, எழுபதைத் தொடப்போகும் ஓர் அம்மாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேரே அவரிடம் வந்து நின்றார்.

"தாது வண்டிக்காரன் நீதானே?"

"நீங்க... ஸ்காத்தாவா?"

"என்னது 'நீங்க'வா? இத்தனை வருஷம் மண்டையப் பொளந்துட்டு இப்ப என்ன புதுசா மரியாதை? குன்வோர்னு கூப்பிடு."

குன்வோர் நிஸ்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஆற்றங்கரை வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு, அது ஊறும்வரை கரண்டியால் கிளறினார். பிறகு சொன்னார். கணவர் பக்கவாதத்தில் படுத்து ஒன்பது வருடம் கிடந்தார். மதியம் உதவியாள் வரும் ஒரு மணி நேரம்தான் அவருக்கென்று இருந்தது.

"வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் என்கிட்ட மெதுவாத்தான் பேசுவாங்க. பாவம் குன்வோர், பாவம் குன்வோர்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நீ ஒருத்தன்தான் ஈவு இரக்கமில்லாம அடிச்ச. அதுல எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

என்சியோ மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு ஒருநாள் நீ அடிக்கல. தீ மூட்டி உக்காந்தே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. தினமும் குனியிறவன் குனியல. ஆளுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு பட்டுது. யாரு செத்தா?"

"அண்ணன்."

குன்வோர் தலையசைத்தார். தட்டிலிருந்த பன்னைப் பாதியாகப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார்.

அதற்கப்புறம் இருவரும் விளையாட்டுப் பக்கம் அதிகம் போகவில்லை. சனிக்கிழமைகளில் என்சியோ பாலம் தாண்டிப் போவார். புகைபோட்ட மீன் எந்தக் கரையில் ருசி, ஒரு மணி நேரம் முன்பின்னாக ஓடும் இரண்டு நாட்டுக் கடிகாரங்களில் எது சரி என்று வாய்ச்சண்டை நடக்கும். குன்வோர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். இடுப்பு அறுவைசிகிச்சை முடிந்து குன்வோர் படுத்திருந்தபோது என்சியோ தினமும் போனார். ஒருநாள்கூட மெதுவாகப் பேசவில்லை.

குன்வோரின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து நாலு வார்த்தை சொன்னார்கள். நாலு பேர் நடுவே பேசியே பழக்கமில்லாத என்சியோவும் கோப்பையோடு எழுந்தார். காது சிவந்திருந்தது.

"குன்வோர் என்னை நூத்துக்கணக்கான தடவை கொன்னிருக்கா" என்றார். "கொல்ல வேண்டிய அன்னிக்கு மட்டும் கொல்லல. அதனாலதான் நான் இங்க நிக்கிறேன். நன்றி."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூத்த மகன் தாயின் பக்கம் குனிந்து, "அம்மா, இந்த ஆளு என்ன சொல்றாரு?" என்று கேட்டான்.

"உண்மையத்தான் சொல்றான்" என்றார் குன்வோர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவனும் ஒண்ணும் சும்மா இருக்கல. கேக்கை வெட்டு."