பதினொரு ஜெர்சி

நான் நகராட்சியில் கால்வாய் வெட்டுகிறவன். அதிகம் படிக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த வருடம் காஜா பேராங் என்கிற எங்கள் வட்டாரப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தேன். எங்களிடம் பதினொரு ஜெர்சிதான் இருந்தது. கால் வலி என்று சொல்பவன் தன் ஜெர்சியைக் கழற்றி, வெளியே இருப்பவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அது நான் போட்ட சட்டம்.

சனிக்கிழமை புக்கிட் பாரு குழுவை ஜெயித்தோம். மறுநாளே இறுதி ஆட்டம். எங்கள் முனியாண்டியை மாநிலக் குழுவுக்கு எடுக்க ஆள் வருவதாகப் பேச்சு. அவனுக்குப் பதினாறு வயது.

காலையில் எல்லாரையும் நிற்கவைத்து, "யாருக்குடா கால் வலி?" என்றேன். ஜெர்சி போட்டவர்கள் அதை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். முனியாண்டி தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, கிழவன் மாதிரி தேய்க்கிற?"

"ஒன்னுமில்லண்ணே. கொசு கடிச்சிருச்சி."

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் குந்த முடியாமல், குனிந்தபடியே பூட்ஸ் கயிறு கட்டினான். அதைப் பார்த்தும் விட்டுவிட்டேன்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பந்தைத் துரத்திய முனியாண்டி தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தசை கிழிந்துவிட்டது. ஓரத்தில் கிடத்தினோம். அவன் அழவில்லை. ஜெர்சியைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"காலையிலேயே குடுத்திருக்கணும்ண்ணே."

பிறகு காயம் ஆறி அவன் நடந்தான். பழையபடி ஓடவில்லை.

இப்போது ஆட்டத்துக்கு மறுநாள் ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டு, குந்தி எழச் சொல்கிறேன். தொடையை அமுக்கிப் பார்க்கிறேன். வலிக்கிறவனை அடுத்த ஆட்டத்தில் ஓரத்தில் உட்கார வைக்கிறேன், ஆனால் ஜெர்சி அவன் உடம்பிலேயே இருக்கும். பதிலுக்கு இறங்குகிறவனுக்காக என் சட்டை ஒன்றை அதே நிறத்தில் சாயம் போட்டு வைத்திருக்கிறேன்.