எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள்

என் பெற்றோர் புலம்பெயர்ந்து வந்த ஐரோப்பிய நகரின் புறநகரான குரோருட்டில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். அலைபேசியில் எட்டு நிமிடம் குறித்துவிட்டு அமர்ந்தேன். தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் எனக்குத் தரப்படும் நேரம் அது. ஒன்பது வயதிலிருந்து எப்போதும் முதல் பரிசுதான்; ஒரேயொரு முறை மட்டும் இரண்டாம் பரிசு. அன்று எனக்குக் காய்ச்சல்.

இம்முறை வெல்ல வேண்டியது கிண்ணமல்ல. அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரி எனக்கு இடம் தந்திருந்தது. அரசியல் சிந்தனையையும் விவாதக் கலையையும் ஒருசேரக் கற்பிக்கும் அந்த இடத்துக்கே போக வேண்டுமென்று இரண்டு ஆண்டுகளாக நினைத்திருந்தேன். திறமைக்கான புலமைப்பரிசிலும் தந்தார்கள். ஆனால் அது கட்டணத்தின் பாதியைக்கூட எட்டவில்லை. நான் அரைமனதோடு விண்ணப்பித்த வேறொரு கல்லூரியோ முக்கால்வாசியைத் தருவதாக எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். அன்று செவ்வாய். புலமைப்பரிசிலைக் கூட்டித் தரும்படி கேட்க, நான் விரும்பிய கல்லூரியின் அலுவலரோடு காணொளியில் பேச நேரம் கிடைத்திருந்தது.

அப்பா பேருந்து ஓட்டுநர். காலை வேலை முடிந்து வந்தவர், சீருடையைக் கழற்றாமலே கதவோரம் நின்று நிபந்தனை விதித்தார்.

“மற்றக் கல்லூரியின்ர கடிதத்தைக் காட்டக்கூடாது. அங்கை இவ்வளவு தருகினம், நீங்கள் எவ்வளவு தருவியள் எண்டு கேக்கிறது மீன்சந்தைக் கதை. தொகையும் சொல்லாதை. உன்ர திறமையைச் சொல்லு, அவையளாப் பாத்துத் தரட்டும்.”

“ஓம் அப்பா.”

மறுத்துப் பேச எனக்குக் காரணம் இருக்கவில்லை. மேடையில் நான் எவரிடமும் எதையும் கேட்டதில்லை. பேசுவேன், நடுவர்கள் தருவார்கள்.

திரையில் நரைத்த குட்டைமுடியோடு ஒரு பெண்மணி தோன்றினார். நான் அவை வணக்கத்தில் தொடங்கினேன். கல்லூரியின் பெருமையை உரைத்தேன், என் தகுதிகளை மூன்றாக வகுத்தேன், எழக்கூடிய எதிர்வாதத்தை நானே எழுப்பி நானே தகர்த்தேன். அவருடைய கையில் பேனா இருந்தது. ஆனால் அது அசையவேயில்லை. என் அனுபவத்தில் நடுவர்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். ஐந்தாம் நிமிடத்தில் குரலை உயர்த்தினேன்.

“மிக அழகாகப் பேசினீர்கள்,” என்றார். “உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?”

“தாங்கள் தகுதியெனக் கருதுவதை.”

“அப்படியொரு தொகையை நான் குழுவிடம் கொண்டுபோக முடியாதே. வேறு கல்லூரி ஏதேனும் தருகிறதா?”

“அதைப் பற்றிப் பேசுவது முறையல்ல என்று நினைக்கிறேன்.”

அவர் சிரிக்கவில்லை. நாளை மதியத்துக்குள் ஒரே பக்கத்தில் தொகையை எழுதி அனுப்பச் சொன்னார். மற்றக் கடிதம் இருந்தால் அதையும், பெற்றோரின் வரி அறிக்கையையும் இணைக்க வேண்டும். அனுப்பாவிட்டால் பழைய தொகையே நிலைக்கும். திரை அணைந்தபோது என் எட்டு நிமிடத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“மீன்சந்தைதான், நான் சொன்னனான்,” என்றார் அப்பா.

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். மாலை வேலைக்குச் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

“போன வருசம் நான் இல்லத்துக்குப் பொறுப்பான ஷெஃபிட்டைப் போய் என்னெண்டு கேட்டனான்? என்ர திறமையைப் பாத்துத் தாங்கோ எண்டே? அறுபது வீத வேலைநேரத்தை எண்பது வீதம் ஆக்குங்கோ எண்டு கேட்டனான். எழுபத்தைஞ்சு தந்தவை. அந்தக் காசிலைதான் உங்கட காருக்கு டயர் மாத்தினது.”

“அது வேலை. இது படிப்பு.”

“ரெண்டுக்கும் வாய் ஒண்டுதான்.”

அப்பா அறைக்குள் போனார். வரி அறிக்கையை அச்செடுத்து வந்து மேசையில் கவிழ்த்து வைத்தார். தன் வருமானம் முகம் தெரியாத ஒருவர் மேசைக்குப் போவதை அவர் எவ்வளவு வெறுத்தார் என்பது அந்தக் கவிழ்ப்பில் தெரிந்தது. 

அந்த ஒரு பக்கத்தை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் முதல் வரியில் அவர்களைப் புகழ்ந்திருந்தேன். கடைசியில் அந்த வரியை வெட்டி, தொகையை அங்கே வைத்தேன். அலங்காரமின்றி நின்ற அந்த எண்ணைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. புதன் காலை, பள்ளிக்குப் போகுமுன் அனுப்பினேன்.

பிறகு காத்திருப்பு. டி-பான என்ற சுரங்க ரயிலில் ஒவ்வொரு நிலையத்திலும் அலைபேசியைப் பார்த்தேன். பேராசைக்காரி என்று எண்ணியிருப்பார்களோ, தந்ததையும் மீட்டுக்கொள்வார்களோ என்று வகுப்பில் இருந்தபடியே எனக்கு எதிராக நானே வாதாடினேன். அந்தத் தரப்புத்தான் வலுவாக இருந்தது.

வியாழன் பின்னேரம், மூவரும் வீட்டில் இருந்தபோது, பதில் வந்தது. கேட்டதைவிடச் சற்றுக் குறைவு. எஞ்சியதை இந்நாட்டு அரச மாணவர் கடனால் ஈடுகட்டலாம். ஆனால் இருபத்துநான்கு மணிநேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலும் கூட்டித் தரமாட்டார்கள்.

அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார்.

“குறைச்சுப்போட்டினம்.”

“அம்மாவுக்கும் எண்பது தரேல்லை அப்பா.”

அப்பா கதிரையை இழுத்து என் பக்கத்தில் அமர்ந்தார். ஒப்புதல் பொத்தானின் மேல் என் விரல் நின்றது. மறுத்துப் பேச அங்கே எவரும் இல்லை.

“அமத்து பிள்ளை,” என்றார் அம்மா, சப்பாத்தை மாட்டியபடி. “எனக்கு பஸ் போகப்போகுது.”

அமத்தினேன்.